பட்டறைக் கேள்வி பதில்: 13 குதிரைத்திறன் எஞ்சினுக்கு எந்தப் பம்பு?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கும் அன்னதானத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு லாரி விறகு தேவைப்படுகிறது. கம் மரமும் (யூகலிப்டஸ்) வாட்டில் மரமுமாக வந்து இறங்கும் கட்டைகளைக் கோடரியால் பிளக்க முன்போல் ஆட்கள் கிடைப்பதில்லை. ஆகவே விறகு பிளக்கும் ஹைட்ராலிக் இயந்திரம் ஒன்றை என் வீட்டுக் கொட்டகையிலேயே செய்ய எண்ணியிருக்கிறேன். ஹோண்டா ஜிஎக்ஸ் 390 பெட்ரோல் எஞ்சின் ஒன்று கையில் இருக்கிறது. 13 குதிரைத்திறன் என்று சொல்லி விற்றார்கள். உள்விட்டம் 100 மி.மீ., பிஸ்டன் தண்டு 50 மி.மீ., வீச்சு (பிஸ்டன் நகரும் தூரம்) 600 மி.மீ. உள்ள பழைய சிலிண்டர் ஒன்றும் இருக்கிறது. டிராக்டர் லோடரிலிருந்து கழற்றிய கியர் பம்பு ஒன்றை நண்பர் இலவசமாகத் தருகிறார். சுற்றுக்கு 20 சி.சி. எண்ணெய் தள்ளும் என்று அதன் தகட்டில் பொறித்திருக்கிறது. பம்பு பெரிதாக இருந்தால் வேகமும் பலமும் கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்றையும் இணைத்துவிடலாமா? கோயில் வேலை முடிந்ததும் இயந்திரத்தைப் பக்கியில் (சிறு சரக்கு வண்டியில்) ஏற்றி ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கும் கொண்டுபோவோம். (வாசகர், டோங்காட், தென்னாப்பிரிக்கக் கடற்கரைப் பகுதி)

பதில்: அந்த 20 சி.சி. பம்பை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இலவசமாக வந்த பொருளை வேண்டாம் என்று சொல்வது கடினந்தான். ஆனால் அதை உங்கள் எஞ்சினில் நேரடியாகப் பூட்டினால், ஒரு முடிச்சுக் கட்டையை வைத்த உடனேயே எஞ்சின் மூச்சடைத்து நின்றுபோகும். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

பம்பு பெரிதானால் வேகம் கூடும் என்பது உண்மை. பலம் கூடும் என்பது தவறு. சிலிண்டர் தள்ளும் விசை எண்ணெயின் அழுத்தத்தையும் பிஸ்டனின் பரப்பையும் மட்டுமே பொறுத்தது. உங்கள் சிலிண்டரின் பரப்பு 78.5 சதுர செ.மீ.; அதில் 200 பார் அழுத்தம் கொடுத்தால் ஏறத்தாழ 16 டன் விசை கிடைக்கும். பம்பு சுற்றுக்கு 4 சி.சி. ஆனாலும் 20 சி.சி. ஆனாலும் அந்த 16 டன் மாறாது. பம்பின் பருமன் தீர்மானிப்பது, அந்த விசையோடு பிஸ்டன் எவ்வளவு விரைவாக நகரும் என்பதையும், அதற்காக எஞ்சினின் தண்டை எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கும் என்பதையும்தான். கோயிலுக்கு வரும் கம் கட்டைக்கும் வாட்டிலுக்கும் 16 டன் போதுமானது. கம் மரத்தை வெட்டிய ஈரம் காயும் முன்பே பிளந்துவிட்டால் இன்னும் எளிது; காய்ந்து இறுகிய கம் கட்டை எந்த இயந்திரத்தையும் முனக வைக்கும்.

திறன் கணக்கு மிக எளியது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை எத்தனை பார் என்பதால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். பம்பின் உள் இழப்புக்காக அதற்கு மேல் பத்து அல்லது பதினைந்து விழுக்காடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 சி.சி. பம்பு, நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில், நிமிடத்துக்கு 60 லிட்டர் தரும். அதை 200 பாரில் தள்ள 20 கிலோவாட்டும் இழப்பும் சேர்த்து 22 கிலோவாட், அதாவது 30 குதிரைத்திறன் தேவை. உங்கள் எஞ்சினை 13 என்று சொல்லித்தான் விற்பது வழக்கம். ஆனால் தயாரிப்பாளர் தரும் நிகர அளவு 3,600 சுற்றில் 11.7 குதிரைத்திறன், அதாவது 8.7 கிலோவாட். சிறு பெட்ரோல் எஞ்சினை அந்த உச்ச அளவிலும் நாள் முழுவதும் ஓட்டக் கூடாது. 85 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வதே அதன் ஆயுளுக்கு நல்லது.

என்னைக் கேட்டால், குதிரைத்திறனைவிட முறுக்குவிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்துவது அதுவே. சுற்றுக்கு எத்தனை சி.சி. என்பதை அழுத்தத்தால் பெருக்கி 62.8ஆல் வகுத்தால், பம்பின் தண்டைத் திருப்பத் தேவையான நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 20 சி.சி.யும் 200 பாரும் என்றால் 64, இழப்போடு 70. உங்கள் எஞ்சின் தன் உச்சத்தில், 2,500 சுற்றில், 26.5 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது. அதில் 85 விழுக்காடு 22.5. இந்த 22.5ஐ வைத்துக்கொண்டு அந்தப் பம்பால் 63 பார் வரைதான் எழுப்ப முடியும். அப்போது உங்கள் 16 டன் சிலிண்டர் 5 டன் சிலிண்டராகச் சுருங்கிவிடும். கட்டையில்லாத வெறும் ஓட்டத்தில் பாய்ந்து பாய்ந்து போகும். கட்டையைத் தொட்டதும் நின்றுவிடும். நண்பர்கள் பார்த்து வியப்பது அந்தப் பாய்ச்சலைத்தான்.

பெல்ட்டும் புல்லியும் வைத்துப் பம்பின் சுற்றைப் பாதியாக்கினால் முறுக்கு இரட்டிக்கும், 10 டன் வரை வரும் என்று யாரேனும் சொல்லக்கூடும். கணக்கு சரி. ஆனால் சாதாரண கியர் பம்பின் தண்டு பக்கவாட்டு இழுப்பைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. பெல்ட்டின் இழுப்பு அதன் புஷ்ஷை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். தனியே பேரிங் வைத்து இடைத்தண்டு ஒன்று அமைக்க வேண்டும். அந்தச் செலவில் பொருத்தமான பம்பையே வாங்கிவிடலாம்.

அப்படியானால் எது பொருத்தம்? ஒற்றைக் கியர் பம்புதான் வேண்டுமென்றால் 6 சி.சி. அதற்கு 200 பாரில் 21 நியூட்டன் மீட்டர் போதும். 3,000 சுற்றில் நிமிடத்துக்கு 17 லிட்டர் அளவில் வரும். உங்கள் சிலிண்டர் முழு வீச்சுக்கு 4.7 லிட்டர் குடிக்கும். போவதற்கு 17 வினாடி, திரும்ப 13 வினாடி. ஒரு கட்டைக்கு அரை நிமிடம் ஆகும். நாலைந்து கட்டைகளுக்குப் பரவாயில்லை. ஒரு லாரிக்குப் பொறுமை போதாது.

விறகு பிளப்பதில் ஒரு தனித்தன்மை உண்டு. பிஸ்டன் தன் வழியில் பெரும்பகுதி வெறுமையாகத்தான் நகர்கிறது. ஆப்பு கட்டையைக் கடிக்கும் அந்தச் சிறிது தூரத்தில்தான் முழு அழுத்தமும் வேண்டும். இதற்கென்றே இரட்டை நிலைப் பம்பு இருக்கிறது. ஒரே கூட்டுக்குள் பெரிய கியர் இணை ஒன்றும் சிறிய கியர் இணை ஒன்றும் இருக்கும். அழுத்தம் குறைவாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்து எண்ணெய் தள்ளும். ஏறத்தாழ 45 பாரைத் தாண்டியதும் உள்ளிருக்கும் வால்வு பெரிய இணையின் எண்ணெயைச் சும்மா சுழல விட்டுவிடும். சிறியது மட்டும் 200 பார் வரை தள்ளும். மனிதன் தானே கியர் மாற்றுவதுபோல், ஆனால் கை படாமல். சந்தையில் இவற்றை அமெரிக்க காலன் கணக்கில் 11, 16, 22 என்று அழைப்பார்கள். அந்த எண் 3,600 சுற்றில் குறைந்த அழுத்தத்தில் கிடைக்கும் அளவு.

உங்களுக்கு நான் சொல்வது 16 காலன் பம்பு. அது ஏறத்தாழ நிமிடத்துக்கு 60 லிட்டர். 3,000 சுற்றில் 50 லிட்டர். வெறுமையாக முழு வீச்சும் போக 6 வினாடிக்குள் ஆகும். கட்டையைக் கடித்த பிறகு நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவுக்கு இறங்கும். கடைசி 150 மி.மீ. தூரம் அழுத்திப் பிளக்க 6 வினாடி. திரும்ப 4 வினாடி. ஆக ஒரு கட்டைக்கு 15 வினாடிதான். எஞ்சினுக்கு வேண்டிய முறுக்கோ எந்த நிலையிலும் 16 நியூட்டன் மீட்டர் அளவில் நின்றுவிடும். 22 காலன் பம்பையும் உங்கள் எஞ்சின் இங்கே டோங்காட்டில் ஒருவாறு ஓட்டிவிடும். ஆயினும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குக் காரணம் உங்கள் தம்பி.

ஜோகன்னஸ்பர்க் பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த அந்த இடத்தில் பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3.5 விழுக்காடு திறனை இழக்கும். லெனேசியாவுக்குப் போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 26.5 நியூட்டன் மீட்டர் 21 ஆகிவிடும். அதில் நம்பிக்கையோடு எடுக்கக்கூடியது 18. மேலே சொன்ன 6 சி.சி. ஒற்றைப் பம்பு அங்கே திணறும். 16 காலன் இரட்டை நிலைப் பம்பு திணறாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உயரத்தில் கார்புரேட்டர் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கலக்கும். கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும். 1,500 மீட்டருக்கு மேலேயே நிலையாக ஓடும் எஞ்சினுக்குச் சிறிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) மாற்றுவது முறை. ஆனால் அப்படி மாற்றியதை மறந்து மீண்டும் கடற்கரைக்குக் கொண்டுவந்து ஓட்டினால், பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெடும். ஆண்டுக்குச் சில நாள் அங்கே போய்வரும் இயந்திரத்துக்கு ஜெட்டைத் தொடாமல், சிறிது புகையைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

பம்பு வாங்கும்போது சுழலும் திசையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் எஞ்சினை அதன் தண்டு உங்களை நோக்கி நீட்டியிருக்கும்படி பார்த்தால், தண்டு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். நேருக்கு நேர் பூட்டும் பம்பை அதன் தண்டுப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுழல்வதாக இருக்க வேண்டும். இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், முதன்முதலாகச் செய்த ஹைட்ராலிக் அலகில் எதிர்த்திசைப் பம்பைப் பூட்டி எஞ்சினைத் தொடக்கினேன். உறிஞ்சும் பக்கம் அழுத்தப் பக்கமாகிவிட்டது; தண்டைச் சுற்றியிருந்த சீல் இரண்டாவது நொடியில் வெளியே பிதுங்கியது; கொட்டகைச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு எண்ணெய்ப் பட்டை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எஞ்சினையும் பம்பையும் இணைக்க, நடுவில் ரப்பர் நட்சத்திரம் வைத்த இரு துண்டுக் கப்ளிங் போதும். இரண்டு தண்டுகளும் ஒரே கோட்டில் நிற்க, எஞ்சின் முகப்பில் திருகி மாட்டும் பம்புத் தாங்கியை வாங்கிவிடுங்கள். கோண இரும்பை வெல்டிங் செய்து கண்ணளவில் நேராக்குவது நெடுநாள் நிற்காது. கப்ளிங் பற்களுக்கிடையே 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள், பம்பின் தண்டை முனையோடு முனை அழுத்தக் கூடாது. தண்டின் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்த பிறகே கப்ளிங் வாங்குங்கள், 25 மி.மீ.க்கும் 1 அங்குலத்துக்கும் உள்ள 0.4 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, சுத்தியலுக்குத் தெரியும்.

வீட்டில் செய்யும் அலகுகளில் பம்பு சாவது பெரும்பாலும் உறிஞ்சும் பக்கத்தில்தான். எண்ணெய்த் தொட்டியை எஞ்சினுக்குக் கீழே ஒளித்து வைப்பார்கள், மெல்லிய குழாய் போடுவார்கள், அதில் நுண்ணிய வடிகட்டியும் மாட்டுவார்கள். பம்பு எண்ணெயை இழுக்க முடியாமல் வெற்றிடத்தைக் கடிக்கும். குமிழிகள் உருவாகி அழுத்தப் பக்கத்தில் வெடித்து உலோகத்தை அரிக்கும். கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் கேட்கும். எண்ணெயின் மேல்மட்டம் பம்புக்கு மேலே இருக்கட்டும். உறிஞ்சும் குழாயில் வேகம் நொடிக்கு 1 மீட்டர் அளவிலேயே நிற்க, 50 லிட்டருக்கு உள்விட்டம் 32 மி.மீ. வேண்டும், குட்டையாகவும் வளைவின்றியும் இருக்க வேண்டும், உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளாத, உள்ளே கம்பிச்சுருள் வைத்த குழாயாக இருக்க வேண்டும். அங்கே பெரிய கண்ணுள்ள வலை ஒன்று போதும். 10 முதல் 25 மைக்ரான் வடிகட்டியைத் திரும்பும் குழாயில் மாட்டுங்கள். அதன் அளவைப் பம்பின் அளவுக்குப் பார்த்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்: சிலிண்டர் திரும்பும் வேளையில் அதன் தண்டுப் பக்கத்துக்கு 50 லிட்டர் போகும்போது பிஸ்டனின் மறுபக்கத்திலிருந்து 66 லிட்டர் வெளியேறும். திரும்பும் குழாய் 1 அங்குலம். அழுத்தக் குழாய்க்கு இரட்டைக் கம்பிவலை 2எஸ்என் வகை அரை அங்குலம் போதும். அது 275 பாருக்கு உரியது.

தொட்டி 40 லிட்டர் இருக்கட்டும். தொடர்ந்து ஓடும் அலகுக்கு நிமிட ஓட்டத்தின் மூன்று மடங்கு என்பார்கள். கட்டை மாற்றும் இடைவேளைகள் உள்ள இந்த வேலைக்கு அவ்வளவு தேவையில்லை. நம் கடற்கரை வெப்பத்துக்கு விஜி 46 தடிமனுள்ள ஹைட்ராலிக் எண்ணெய். வால்வு, கைப்பிடியை விட்டதும் நடுவுக்கு வந்து, எண்ணெயைத் தடையின்றித் தொட்டிக்கே திருப்பும் வகையாக இருந்தால்தான் எஞ்சினைச் சுமையின்றித் தொடக்க முடியும். ரிலீஃப் வால்வு (அழுத்தம் அளவு மீறினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் காப்பு வால்வு) இல்லாமல் ஒருமுறைகூட ஓட்டாதீர்கள். அதைத் தளர்த்தி வைத்துத் தொடங்கி, அழுத்தமானியைப் பார்த்தபடி 200 பாருக்கு ஏற்றுங்கள், சிலிண்டர் அந்த அளவைத் தாங்கும் என்று உறுதியான பிறகு. எங்கேனும் கசிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஊசிமுனைத் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் கொசுக்கடிபோல் தெரியும், வலியும் முதலில் இராது. அப்படி நேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அப்போதே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலே போகக்கூடும்.

கேள்வி: வீட்டுக் கராஜில் 30 டன் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) ஒன்று செய்கிறேன். சிலிண்டர் உள்விட்டம் 150 மி.மீ. மின்மோட்டார் வைப்பதா, பெட்ரோல் எஞ்சின் வைப்பதா? மின்வெட்டையும் நினைக்க வேண்டியிருக்கிறது. (வாசகர், லெனேசியா)

பதில்: மூடிய கராஜுக்குள் பெட்ரோல் எஞ்சின் வேண்டவே வேண்டாம், அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிக் கொல்லும். மின்மோட்டாரே சரி. 30 டன்னுக்கு உங்கள் சிலிண்டரில் 167 பார் போதும். 2.2 கிலோவாட், ஒரு நிமிடத்துக்கு 1,440 சுற்று மோட்டாரும் 4 சி.சி. கியர் பம்பும் பொருந்தும், நிமிடத்துக்கு 5.4 லிட்டர் வரும். 150 மி.மீ. நகர அரை நிமிடம் ஆகும். பேரிங்கை அழுத்தி இறக்கும் வேலைக்கு அந்த நிதானம் நல்லதே. ஓடும்போது 13 ஆம்பியர் அளவில் எடுக்கும் என்பதால் வீட்டின் 16 ஆம்பியர் செருகியில் அடங்கும். தொடங்கும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதால் நீண்ட மெல்லிய இணைப்புக் கம்பியில் மாட்டாதீர்கள்.

எஞ்சினைப்போல் மோட்டார் உயரத்தில் பெருமளவு சோர்ந்துவிடாது. ஆயினும் அதன் தகட்டு அளவு 1,000 மீட்டர் வரைக்குத்தான் சொல்லப்படுகிறது. மெலிந்த காற்று குறைவாகவே குளிர்விக்கும் என்பதால் அங்கே சிறிது இடம்விட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் தேவை 1.8 கிலோவாட்தான்; ஆகவே இடம் இருக்கிறது. மோட்டார் கணநேரம் தன் அளவைப்போல் இரு மடங்கு முறுக்கு தரும், பெட்ரோல் எஞ்சின் தராது, 2.2 கிலோவாட் மோட்டாருக்கு ஈடாக எஞ்சின் தேடுகிறவர் 6 குதிரைத்திறனுக்குக் குறையாமல் எடுக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. மின்வெட்டுக்காக ஜெனரேட்டர் வாங்காதீர்கள். இந்த மோட்டாரைத் தொடக்கிவைக்கவே 6 அல்லது 7 கேவிஏ வேண்டியிருக்கும். வெட்டு அட்டவணையைப் பார்த்து வேலையை மாற்றிக்கொள்வது மலிவு.

கேள்வி: பழைய காரின் பவர் ஸ்டீயரிங் பம்பை விறகு இயந்திரத்துக்குப் பயன்படுத்தலாமா? (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: கூடாது. அது சுருக்கமாகச் சிறிது நேரம் மட்டும் அழுத்தம் தரச் செய்யப்பட்ட வேன் பம்பு (சுழலும் தகடுகளால் எண்ணெயைத் தள்ளுவது). உள்ளேயே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இருப்பதால், எஞ்சினை எவ்வளவு விரட்டினாலும் நிமிடத்துக்குச் சில லிட்டருக்கு மேல் தராது. அழுத்தமும் 100 பார் அளவிலேயே நின்றுவிடும். பக்கியின் பின்கதவைத் தூக்கும் சிறு சிலிண்டர் போன்றவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.